டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வந்தா பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிடுமா? கொரோனா காலத்துல காலேஜ் படிச்ச தங்கச்சிக்காக ஒரு அண்ணன் கேட்ட கேள்விக்கு என் பதில்

கேள்விய முதல்ல சுருக்கமா வச்சுக்கிடுதேன், புதுசா வாசிக்கிறவங்களுக்கும் புரியணும்லா. தங்கச்சி 2020ல நாகர்கோவில் பக்கம் ஒரு காலேஜ்ல பி.எஸ்.சி. சேர்ந்தா, முதல் வருசம் முக்காவாசி வீட்டுல போன்லதான் கிளாஸ். அப்ப ஆரம்பிச்ச நெஞ்சு படபடப்பும் தலைவலியும் இன்னும் விடல. இசிஜி, எக்கோ, தலைக்கு ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லங்காங்க. அம்மா "போனை நோண்டி நோண்டி வந்தது"ங்காங்க, மாமா "வேலைக்குப் போக மடி, நடிக்குதா"ங்காரு. அண்ணன் குவைத்ல இருக்காரு, யாரு சொல்லுதது சரின்னு கேக்காரு.

தம்பி, அம்மா சொல்லுததும் சரியில்ல, மாமா சொல்லுததும் சரியில்ல, டாக்டர் சொன்னது பாதி சரி. இதயத்துல கோளாறு இல்லங்கறது உண்மை, அத சந்தேகப்பட்டு இன்னொரு ஆஸ்பத்திரில இன்னொரு எக்கோ எடுக்க வேண்டாம். ஆனா அதோட விசயம் முடிஞ்சுதுன்னு எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க பாருங்க, அங்கதான் பிள்ளை தனியா நின்னுட்டா. நான் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலதான் காலேஜ் பிள்ளைகளுக்கு கவுன்சலிங் பாக்கேன். 2020, 21ல என்கிட்ட வந்தவங்கள்ல "மனசு சரியில்ல"ன்னு சொல்லிட்டு வந்தவங்க ரொம்ப கம்மி. தலை வலிக்குது, கழுத்து பிடிச்சிருக்கு, நெஞ்சு அடைக்குது, சாப்பிட்டா குமட்டுது, பீரியட்ஸ் வரல, முடி கொத்து கொத்தா கொட்டுது, ராத்திரி மூணு மணி வரைக்கும் உறக்கம் வரலன்னுதான் வந்தாங்க. உக்கார வச்சு கொஞ்ச நேரம் பேசுனா அப்பாவுக்கு வேலை போனது வரும், குழு லோன் வரும், ஆச்சி செத்தது வரும். உடம்புல வலிச்சதும் அதே பிள்ளைக்குத்தான், மனசுல வலிச்சதும் அதே பிள்ளைக்குத்தான், இத ரெண்டா பிரிச்சுப் பாத்ததுல நிறைய பேருக்கு வைத்தியம் தாமதமாச்சு.

இது நம்ம ஊரு பிள்ளைகளுக்கு மட்டும் வந்த கூத்துன்னு நினைக்காதீங்க. கொரோனாவோட முதல் வருசத்துல மட்டும் உலகம் முழுக்க பதற்ற நோயும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடிச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சுல சொல்லிச்சு. அதுக்கு முந்தி 2021ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த கணக்குல 2020ல கூடுதலா 5 கோடியே 32 லட்சம் பேருக்கு மனச்சோர்வு, 7 கோடியே 62 லட்சம் பேருக்கு பதற்ற நோய். ஆம்பிளைங்களவிட பொம்பளைங்களுக்கு அதிகம், வயசானவங்களவிட இளவட்டத்துக்கு அதிகம். உங்க தங்கச்சி இந்த ரெண்டு கணக்குலயும் வருவா.

காலேஜ் பிள்ளைகள மட்டும் எடுத்துப் பாத்த ஆய்வும் உண்டு, 2020 தொடக்கத்துலயே சீனாவுல ஒரு மெடிக்கல் காலேஜ்ல 7,143 பேர்கிட்ட கேட்டாங்க. ஏறத்தாழ நாலுல ஒருத்தருக்கு பதற்றம் இருந்தது, பெரும்பாலும் லேசானது, கடுமையானது நூத்துக்கு ஒண்ணுக்கும் கீழ. இந்த எண்ணிக்கையவிட அதுல இன்னொரு சங்கதிதான் எனக்கு பெருசா பட்டது. டவுன்ல வீடு, தாய் தகப்பன் கூட இருக்கிறது, குடும்பத்துக்கு நிலையான வருமானம், இந்த மூணும் இருந்த பிள்ளைகளுக்கு பதற்றம் குறைவா இருந்தது. சொந்தக்காரங்களுக்கோ தெரிஞ்சவங்களுக்கோ நோய் வந்திருந்தா பதற்றம் கூடுதல். அதாவது பிள்ளையோட மனசு பலமா பலவீனமாங்கறத மட்டும் வச்சு இத அளக்க முடியாது, வீடும் காசும் சேர்ந்துதான் அளவு.

இத அப்படியே நம்ம மாவட்டத்துக்கு கொண்டு வாங்க. பேச்சிப்பாறைக்கு மேல கோதையாறு, தச்சமலை, மோதிரமலை பக்கம் உள்ள காணி பழங்குடி பிள்ளைகளுக்கு ஆன்லைன் கிளாஸ்னா முதல்ல சிக்னல் கிடைக்கிற பாறை எதுன்னு தேடணும், மழை வந்தா அன்னைக்கு கிளாஸ் இல்ல, அட்டெண்டன்ஸும் இல்ல. 2021 ஜனவரியில அரசு 9 லட்சத்து 69 ஆயிரம் காலேஜ் பிள்ளைகளுக்கு ஏப்ரல் வரைக்கும் தினம் 2 ஜிபி டேட்டா கார்டு தரும்னு அறிவிச்சுது, நல்ல காரியம், டவுன் பிள்ளைகளுக்கு பிரயோஜனப்பட்டது, டவரே இல்லாத இடத்துல அத வச்சு என்ன செய்ய. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போற வீடுகள்ல ஒரே ஒரு ஸ்மார்ட்போன், மூணு பிள்ளைங்க, மூத்தவளுக்கு காலேஜ் கிளாஸும் கடைசி பையனுக்கு ஸ்கூல் கிளாஸும் ஒரே நேரத்துல வரும், யாரு விட்டுக்கொடுப்பா? மூத்தவதான். வளைகுடால இருந்த அப்பாமாருக்கு சம்பளம் பாதியாச்சு, சிலருக்கு வேலையே போச்சு, ஊருக்கு வர ஃப்ளைட்டும் இல்ல. களியக்காவிளை செக்போஸ்ட் மூடுனதுல திருவனந்தபுரத்துல படிச்ச பிள்ளைங்களும், அங்க உள்ள மெடிக்கல் காலேஜை நம்பி மருந்து வாங்கிட்டு இருந்த வீடுகளும் தவிச்ச தவிப்பு இந்தப் பக்கத்து ஆளுகளுக்கு மட்டுந்தான் தெரியும்.

கடப்புறத்து பிள்ளைகளப் பத்தி தனியா சொல்லணும். ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் 30. அன்னைக்கு பத்தாம் கிளாஸ்ல இருந்த பிள்ளைதான் 2020ல பன்னிரண்டு முடிச்சு காலேஜுக்கு வந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் அப்பாவோ சித்தப்பாவோ ஆழ்கடலுக்குப் போயி திரும்பல, உடலும் கிடைக்கல, கரையில நாள்கணக்கா நின்னு பாத்த பிள்ளைங்க. மூணு வருசம் கழிச்சு அதே பிள்ளைங்க மறுபடியும் டிவில சாவு எண்ணிக்கை பாத்துட்டு வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தாங்க, வள்ளம் கடலுக்குப் போகல, கையில காசில்ல. இவங்களுக்கு வந்த படபடப்ப "ஆன்லைன் கிளாஸ் ஸ்ட்ரெஸ்"னு ஒரு வார்த்தையில முடிச்சுட்டுப் போறது எனக்கு ஒத்துக்கவே முடியாது.

இனி படபடப்பு எப்படி வருதுன்னு சொல்லுதேன், இத தங்கச்சிகிட்டயும் சொல்லுங்க, ஏன்னா எதுனால வருதுன்னு தெரிஞ்சாலே பாதி பயம் குறையும். கொளச்சல் பக்கத்துல ஒரு பிள்ளை, ரெண்டு ரூம் வீடு, ஆன்லைன் எக்ஸாம், கேமரா ஆன்ல இருக்கணும், போனை அரிசி டின் மேல சாய்ச்சு வச்சிருக்கா. அடுப்பாங்கரையில அம்மா மிக்சி போட்டதும் கண்காணிக்கிற ஆளு "பின்னாடி என்ன சத்தம், யாரு இருக்கா"ன்னு கேக்காரு. அந்த நொடியில இவளுக்கு மூச்சு வேகமாச்சு, விரல் நுனியெல்லாம் மரத்துச்சு, உதடு மரத்துச்சு, கண்ணு இருட்டிட்டு வந்துச்சு, எழுத முடியல. வாசனை தெரியுதான்னு காப்பித்தூள் டப்பாவத் திறந்து மோந்து பாத்திருக்கா, கொரோனாதான்னு முடிவே பண்ணிட்டா. ஆஸ்பத்திரிக்குப் போனா ஆக்சிஜன் 99, ஒண்ணுமில்ல போங்கன்னு அனுப்பிட்டாங்க, அது 2021 மே மாசம், ஆக்சிஜன் பெட்டுக்கு வாசல்ல வரிசை நின்ன நேரம், அந்த டாக்டர நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அவளுக்கு நடந்தது கற்பனை கிடையாது. பயத்துல அட்ரினலின் கூடும், இதயம் வேகமா துடிக்கும், மூச்சு மேலோட்டமா வேக வேகமா போகும், அப்படி போகும்போது ரத்தத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல வெளிய போயிடும், அதனாலதான் விரலும் உதடும் மரத்துப் போறதும் தலை சுத்துறதும். ஆக்சிஜன் 99 காட்டுறப்பவே மூச்சு முட்டுற மாதிரி இருக்கிறதுக்கு காரணம் இதுதான். பெரும்பாலும் பத்து நிமிசத்துக்குள்ள உச்சிக்குப் போயி அப்புறம் தானா இறங்கும். ஆனா ஒரு தடவை வந்துட்டா அடுத்து எப்ப வருமோன்னு பயந்து பிள்ளை சும்மா சும்மா நாடி பிடிச்சுப் பாப்பா, ஆக்சிமீட்டர விரல்ல மாட்டுவா, அந்த கவனிப்பே துடிப்ப கூட்டும். அப்புறம் பஸ்ல போக மாட்டா, கூட்டத்துக்கு வர மாட்டா, வீட்டுல உள்ளவங்க கண்ணுக்கு அது மடியாத் தெரியும்.

தலைவலிக்கும் கழுத்து வலிக்கும் கதை இன்னும் நேரடியானது. தினம் ஆறேழு மணி நேரம் தரையிலயும் கட்டில்லயும் உக்காந்து, அஞ்சரை ஆறு இஞ்ச் திரைய குனிஞ்சு பாத்தா கழுத்து தசை இறுகும், அந்த இறுக்கம் பின்மண்டை வழியா ஏறி தலைவலியா வரும். திரையப் பாக்கும்போது கண் சிமிட்டறதும் குறைஞ்சிடும், கண்ணு வறண்டு எரியும். ராத்திரி வீடு அடங்கினப்புறம்தான் படிக்க இடமும் அமைதியும் கிடைச்சுதுன்னு நிறைய பிள்ளைங்க உறக்கத்த ரெண்டு மூணு மணிக்கு தள்ளுனாங்க, காலையில வெயில் முகத்துல படவே இல்ல, உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரம் தப்பிப் போச்சு. உறக்கம் கெட்டா வலி தாங்குற சக்தி குறையும், வலி இருந்தா உறக்கம் வராது. அம்மா சொன்னதுல இந்த அளவுக்கு உண்மை இருக்கு, அத நான் மறுக்கல. ஆனா அன்னைக்கு போனை கீழ வச்சிருந்தா படிப்பே கிடையாதுல்லா. போன்தான் கிளாஸ், போன்தான் எக்ஸாம், கூட்டுக்காரிகிட்ட பேசுறதுக்கு இருந்த ஒரே வழியும் போன்தான். பிள்ளை அதுல விளையாடிட்டு கிடந்தான்னு சொல்லும்போது இத ஞாபகம் வச்சுக்கணும்.

எக்ஸாம் விசயத்துல அந்த பேட்ச்ச இழுத்தடிச்ச மாதிரி வேற எந்த பேட்ச்சையும் இழுத்தடிக்கல. 2020 மார்ச்சுல காலேஜ் மூடுனாங்க. ஆகஸ்ட்ல பீஸ் கட்டுன அரியர் பிள்ளைங்க எல்லாம் பாஸ்னு அரசு அறிவிச்சுது, வீட்டுல பாயசம் வச்சவங்க உண்டு, அடுத்தது அது செல்லாதுன்னு பேச்சு வந்து ஐகோர்ட்டுக்குப் போச்சு. கடைசி வருசப் பிள்ளைங்களுக்கு மட்டும் பரீட்சை உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. டிசம்பர்ல கடைசி வருசத்துக்கு திறந்தாங்க, 2021 பிப்ரவரியில மத்தவங்களுக்கு, அடுத்த அலை வந்து திரும்ப மூடி செப்டம்பர் 1ல திறந்தாங்க. பிள்ளை பாஸா பெயிலான்னு தெரியாம மாசக்கணக்கா இருக்கிறது லேசான காரியமில்ல. கெட்ட சேதிய மனுசன் ஒரு மாதிரி தாங்கிடுவான், என்ன சேதின்னே தெரியாம இருக்கிறதுலதான் உடம்பு எந்நேரமும் உசாரா இருந்து அலுத்துப் போகும்.

ரெண்டாவது அலையில செத்தவங்கள வழியனுப்ப முடியாம போனது இன்னொரு பெரிய காயம். நம்ம ஊருல ஒரு சாவுன்னா தெருவே வந்து நிக்கும், கோயில் மணி அடிக்கும், அடக்கத்துக்கு ஆளு நிறையும், ராத்திரி முழுக்க யாராவது கூட இருப்பாங்க. 2021 மே மாசம் பிளாஸ்டிக்ல சுத்தி வந்த பெட்டிய தூரத்துல இருந்து பாத்துட்டு திரும்புனவங்க, அதுவும் பாக்காம வீட்டுல தனிமைப்படுத்திக்கிட்டு கிடந்தவங்க எத்தனை பேரு. என்கிட்ட வந்த ஒரு பையன் அவனுக்க அம்மை செத்த அன்னைக்கு மத்தியானம் இன்டர்னல் டெஸ்ட் எழுதுனான், எழுதலன்னா மார்க் போயிடும்னு பயம். அழவே இல்ல. ஆறு மாசம் கழிச்சு வயித்து வலின்னு ரெண்டு ஆஸ்பத்திரியில படுத்தான். தாய் தகப்பன இழந்த பிள்ளைங்களுக்கு அரசு பணம் போட்டு வச்சுது, அது 18 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு. 19 வயசு காலேஜ் பையனுக்கு பேரு பெரியவன், அவன் தம்பி தங்கச்சிக்கு அப்பாவா மாறுனத யாரும் கணக்குல எடுக்கல. இந்த வயசு வித்தியாசம் அந்த நேரத்துல எனக்கு ரொம்ப வேதனையா இருந்தது, இன்னைக்கும் இருக்கு.

சரி, தங்கச்சிக்கு இப்ப என்ன செய்யணும். மனசுதான் காரணம்னு சொல்லுறதுக்கு முந்தி சில விசயத்த ஒரே ஒரு தடவை ஒழுங்கா பாத்துடணும். ஹீமோகுளோபின் பாத்தாச்சா? 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேயில 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள இந்தியப் பொண்ணுங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ரத்தம் குறைஞ்சாலே படபடக்கும், மூச்சு வாங்கும், தலை வலிக்கும். தைராய்டு, பி12 கூட. அவளுக்கு கொரோனா வந்துச்சாங்கறதயும் கேளுங்க. நோய் வந்து மூணு மாசம் கழிஞ்சும் ரெண்டு மாசத்துக்குக் குறையாம நீடிக்கிற களைப்பு, மூச்சு வாங்கல், படபடப்ப உலக சுகாதார நிறுவனம் தனி நிலையாவே சொல்லுது. அதுல சிலருக்கு படுத்திருந்து எந்திரிச்சு நின்னதும் பத்து நிமிசத்துக்குள்ள நாடித் துடிப்பு 30க்கு மேல கூடும், அது பயத்துனால வர்றது இல்ல, அதுக்கு வைத்தியம் வேற, தண்ணியும் உப்பும் கூட்டுறதுல இருந்து ஆரம்பிக்கும். படுக்க வச்சு, நிக்க வச்சு நாடி பாக்கச் சொல்லுங்க, எந்த டாக்டரும் அஞ்சு பைசா செலவில்லாம பாக்கலாம். இது எல்லாம் சரின்னு வந்துட்டா அதோட டெஸ்ட நிறுத்துங்க, ஒவ்வொரு புது ஸ்கேனும் "இன்னும் என்னமோ இருக்கு போல"ங்கற பயத்ததான் அவளுக்குக் கொடுக்கும்.

அப்புறம் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநல ஓபி இருக்கு, கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போகணும். "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா"ன்னு அம்மா கேப்பாங்க, உறக்கத்துக்கும் படபடப்புக்கும் உள்ள டாக்டர்னு சொல்லுங்க, அதுல பொய் ஒண்ணுமில்ல. நேர்ல போக கூச்சமா இருந்தா 14416க்கு கூப்பிடலாம், டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். செபத்துக்கு கூட்டிட்டுப் போனாலோ கோயில்ல கயிறு கெட்டுனாலோ நான் தடுக்க மாட்டேன், அது அம்மா மனசுக்கும் ஆறுதல். மாத்திரைய நிறுத்துன்னு சொல்லுற இடத்துக்கு மட்டும் போகக்கூடாது.

வீட்டுல செய்யக்கூடியதும் இருக்கு. படபடப்பு வரும்போது ஆழமா மூச்சு இழுன்னு சொல்லாதீங்க, பதட்டத்துல இழுத்து இழுத்து இன்னும் மரத்துப் போகும். மூக்கு வழியா சாதாரணமா இழுத்து, வாய் வழியா மெதுவா நீளமா விடச் சொல்லுங்க, விடுறதுலதான் கவனம் இருக்கணும். எப்ப உறங்குனாலும் காலையில ஒரே நேரத்துல எந்திரிக்கணும், எந்திரிச்சு கொஞ்ச நேரம் வெளிய வெளிச்சத்துல நடக்கணும், குளத்துக் கரை போதும். எந்த இடத்துக்குப் போகப் பயப்படுறாளோ அங்க கொஞ்சம் கொஞ்சமா போய்ப் பழகணும், முதல்ல யாராவது கூட போய், அடுத்த ஸ்டாப் வரைக்கும் பஸ், அப்புறம் ரெண்டு ஸ்டாப், அப்புறம் தனியா. மாமாகிட்ட நீங்களே பேசுங்க தம்பி, "நடிக்குதா"ங்கற பேச்ச அந்த வீட்டுல நிறுத்துனாலே பெரிய வைத்தியம். போன்ல தினம் "இன்னைக்கு எப்படி இருக்கு"ன்னு நெஞ்ச பத்தியே கேக்காதீங்க, என்ன சாப்பிட்டா, எங்க போனா, யாரு வந்தாங்கன்னு கேளுங்க.

ஒண்ணு மட்டும் நேரடியா கேக்கணும்: "செத்துப் போயிரலாம்னு எப்பவாவது தோணிருக்கா?" இப்படி கேட்டா இல்லாத எண்ணத்த உண்டாக்கிடுவோம்னு பயப்படாதீங்க, உண்டாகாது, பெரும்பாலும் பிள்ளைக்கு ஒரு பாரம் இறங்கும். ஆமான்னு சொன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும், அவள தனியா விடக்கூடாது, வாழைக்கு அடிக்கிற மருந்தும் வீட்டுல மிச்சம் இருக்கிற மாத்திரையும் கண்ணுல படாம பூட்டி வைக்கணும். தற்கொலைக்கு முயற்சி பண்ணுனா போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கிற வீடு இன்னும் இருக்கு, 2017ல வந்த மனநலச் சட்டத்துல அந்த நிலையில உள்ளவங்கள கடுமையான மன அழுத்தத்துல இருந்ததா எடுத்துக்கிடணும்னும் தண்டிக்கக் கூடாதுன்னும் இருக்கு, அரசு வைத்தியம் கொடுக்கணும்.

மாத்திரை எழுதிக் கொடுத்தா இத அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க: பதற்றத்துக்கு வழக்கமா கொடுக்கிற மாத்திரை வேலை செய்ய ரெண்டுல இருந்து நாலு வாரம் எடுக்கும், முதல் வாரத்துல குமட்டல் வரலாம், படபடப்பு கொஞ்சம் கூடின மாதிரியும் இருக்கலாம். அப்ப பயந்து நிறுத்துறவங்கதான் அதிகம். உறக்கத்துக்குன்னு தனியா ஒரு மாத்திரை கொடுத்தா அது கொஞ்ச நாளைக்குத்தான், மெடிக்கல் ஸ்டோர்ல சொந்தமா வாங்கி தொடரக்கூடாது. பதற்றத்துக்கு உள்ள மாத்திரைய, உடம்பு சரியானப்புறமும் பல மாசம் சாப்பிட வேண்டி வரும், நிறுத்தும்போது டாக்டர் சொல்லுற மாதிரி படிப்படியா குறைக்கணும். நீங்க ஊருக்கு லீவுல வர்றதுக்காக காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே அம்மாவயும் தங்கச்சியயும் போகச் சொல்லுங்க, டாக்டர் என்ன சொன்னாருன்னு இங்க எழுதுங்க, நான் பாத்துட்டு பதில் போடுதேன்.